முத்திரை சுரண்டப்பட்ட வெள்ளைப் பீங்கான் நாய்: என்ன செய்யலாம்?

ம்யூனிக்வாசி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. இன்று ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று ம்யூனிக்கில் ஒரு பழைய சாமான் சந்தைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஒரு மேசையில் கரண்டி, கடிகாரம், பூப்போட்ட தட்டுகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பீங்கான் நாய் உட்கார்ந்திருந்தது. குட்டைக் கால், நீள உடம்பு, தொங்கும் காது, டாஷ்ஹண்ட் குட்டி. என் உள்ளங்கை நீளம் இருக்கும். வண்ணமே இல்லை, வெறும் வெள்ளை. ஆனால் கழுத்துச் சுருக்கமும் முன்னங்கால் மடிப்பும் அப்படியே உயிரோடு இருப்பது மாதிரி. ஆறு வயது மகள் பார்த்த உடனே "இட்லி" என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு வாங்காமல் வர முடியுமா? 35 யூரோ.

அடியில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. விலைச் சீட்டு ஒட்டிய இடம் என்று நினைத்தேன். வீட்டில் வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால், கட்டைவிரல் அகலத்துக்கு யாரோ எதையோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு இல்லை, சொரசொரவென்று இருக்கிறது. பக்கத்தில் களிமண்ணிலேயே அழுத்திய எழுத்துகள் தப்பியிருக்கின்றன: தி. கெர்னர்.

பெயரைத் தேடினேன். தேடாமலே இருந்திருக்கலாம். இது எஸ்.எஸ். என்கிற நாஜிப் படை நடத்திய அந்த அல்லாக் பீங்கானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு | ஞாயிறு, இரவு 10.15

சார், முதலில் ஒன்று. ஜெர்மன் சந்தையில் அடியில் டேப் ஒட்டிய பீங்கான் விலங்கு என்றாலே இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு அர்த்தம் உண்டு. அந்த நாட்டுக் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டக்கூடாது. ஆராய்ச்சி, கலை, கல்வி மாதிரி காரணங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் ஏலக்காரர்களும் கடைக்காரர்களும் முத்திரையை டேப் போட்டு மறைத்து விற்பார்கள். அல்லாக் முத்திரையில் எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னல் எழுத்து ஒன்றின்மேல் ஒன்று பின்னியிருக்கும், கீழே ஊர்ப் பெயர்.

ஆனால் உங்கள் பொம்மையில் டேப்புக்கு அடியில் முத்திரையே இல்லையே? இல்லாத முத்திரைக்கு எதற்கு டேப்? "உள்ளே என்னவோ இருக்கிறது" என்று வாங்குபவரை நினைக்கவைக்கிற தூண்டிலாகவும் இருக்கலாம். என்ன, 35 யூரோவுக்குத் தூண்டில் போடுகிறவன் ரொம்ப ஏழை வியாபாரிதான்.

ராத்திரி_ஷிப்ட் | ஞாயிறு, இரவு 10.31

ஒரு நாய் பொம்மைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? குழந்தையிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

வாத்தியார் | ஞாயிறு, இரவு 11.05

தூக்கம் வராதது நியாயம்தான். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அல்லாக் என்பது ம்யூனிக்கின் வடமேற்கு ஓரத்து ஊர், இப்போது நகரத்துக்குள் வந்துவிட்டது. 1935ல் அங்கே ஃபிரான்ஸ் நாகி என்பவரின் இடத்தில் சின்னப் பட்டறையாகப் பீங்கான் தொழில் ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே அது எஸ்.எஸ். கைக்குப் போய்விட்டது. இதில் எஸ்.எஸ். தலைவன் ஹைன்ரிஷ் ஹிம்லருக்குத் தனிப்பட்ட மோகம். ஜெர்மனியில் பீங்கான் என்றால் அரசர்களின் சங்கதி; சாக்சனியை ஆண்ட வலிமைமிகு ஆகஸ்ட் 1710ல் மைசென் தொழிற்சாலையைத் தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு சிற்றரசனும் தனக்கென ஒரு பீங்கான் பட்டறை வைத்துக்கொள்வதைக் கௌரவமாக நினைத்தான். ஹிம்லருக்கும் அந்த ஆசை. தன் படைக்கு ஒரு மைசென் வேண்டும்.

கலைப் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் கார்ல் டீபிச். எஸ்.எஸ்.ஸின் கறுப்புச் சீருடையை வடிவமைத்ததில் பங்குள்ளவர், அதே ஆள்தான். விலங்குகளைச் செய்தவர் தியோடர் கெர்னர். 1937ல் பீங்கான் உற்பத்தியை டாகாவுக்கு மாற்றினார்கள், வதைமுகாமுக்குப் பக்கத்திலேயே. அல்லாக்கில் சாதாரண மண்பாண்ட வேலை தொடர்ந்தது. ஆகவே அடியில் அல்லாக் என்று இருந்தாலும், செய்த இடம் பெரும்பாலும் டாகாவ்.

பிறகு போர் வந்தது. தொழிலாளர்கள் படைக்குப் போய்விட்டார்கள். ஆள் பற்றாக்குறைக்கு முகாம் கைதிகளை இறக்கினார்கள். மான்குட்டி, கரடி, ஓநாய்க்காது நிமிர்த்திய ஜெர்மன் ஷெப்பர்ட், உங்களுடையது மாதிரி டாஷ்ஹண்ட் எல்லாம் அங்கே பிறந்தவைதான்.

ம்யூனிக்வாசி | ஞாயிறு, இரவு 11.20

வாத்தியார் சார், நான் தினமும் வேலைக்குப் போகும் ரயில் எஸ்2. அதே தடத்தில் எதிர்த் திசையில் உட்கார்ந்தால் அல்லாக், கார்ல்ஸ்ஃபெல்ட், டாகாவ் என்று நிலையங்கள் வரிசையாக வரும். ஒலிபெருக்கியில் அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. இன்றைக்குத்தான் காதில் விழுந்த மாதிரி இருக்கிறது.

சூளைக்காரி | திங்கள், காலை 6.50

நான் மண் வேலை செய்பவள், புதுச்சேரிப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வரலாறு தெரியாது, கை வேலை தெரியும். இப்படி ஒரு நாயைச் செய்ய என்னென்ன நடக்கும் என்று சொல்கிறேன். யார் செய்தார்கள் என்ற கேள்விக்கு அதில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

சிற்பி ஒரே ஒரு மூல உருவம்தான் செய்வார். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள், ஒரே அச்சாக இல்லாமல் துண்டு துண்டாக. காதுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று, உடம்புக்கு இரண்டு மூன்று என்று. கயோலின் என்கிற வெள்ளைக் களி, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்து மோர் பதத்துக்குக் கொண்டுவந்து அச்சில் ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், சுவரோரமாக ஒரு தோல் படியும். மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட வேண்டும். தோல் கொஞ்சம் இறுகியதும் அச்சைப் பிரித்து, துண்டுகளை அதே கரைசலைப் பசையாகத் தடவி ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் தையல் மாதிரி வரும் கோட்டை ஈரத் துணியாலும் கத்தியாலும் அழிக்க வேண்டும். கழுத்துச் சுருக்கம் உயிரோடு இருக்கிறது என்றீர்களே? அச்சிலிருந்து வெளியே வரும்போது அந்தச் சுருக்கம் மழுங்கித்தான் வரும். அதை மறுபடி கூர்மையாக்குவது இந்தக் கத்தி பிடித்த ஆள். பெயர் சிற்பியுடையது, கழுத்து இந்த ஆளுடையது.

அப்புறம் முதல் சூடு, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்குவது, 1400 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டாவது சூடு. அதில் உருவம் ஆறில் ஒரு பங்கு போல் சுருங்கும். அடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூளையில் பொம்மையை வெடிக்கவைத்துவிடும்.

வண்ணம் பூசாத வெள்ளைப் பொம்மையில் இன்னொரு சங்கதி. ஒரு கறுப்புப் புள்ளி, ஒரு கீறல் விழுந்தாலும் மறைக்க வழியில்லை. கை சுத்தம், கவனம், பொறுமை மூன்றும் வேண்டும். பட்டினி கிடந்த ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்குக் கையெல்லாம் ஒரு மாதிரி ஆகிறது.

ம்யூனிக்வாசி | திங்கள், காலை 7.30

துளை இருக்கிறது அக்கா, கடுகு அளவு. உள்ளே ஊசியை விட்டால் கொஞ்சம் வெள்ளைத் தூள் வருகிறது.

ராத்திரி_ஷிப்ட் | திங்கள், காலை 8.02

சரி, ஒரு கேள்வி. கைதிகள் செய்த எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது என்றால் அந்தக் காலத்து ஜெர்மன் இரும்பு, கார், விமான எஞ்சின் என்று எதுவுமே மிஞ்சாதே? அல்லாக்கிலேயே பிஎம்டபிள்யூ விமான எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கான கைதிகள் வேலை செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். பீங்கான் நாய் மட்டும் என்ன பாவம் செய்தது?

வாத்தியார் | திங்கள், காலை 9.10

நீங்கள் சொல்லும் அல்லாக் வேறு, இந்த அல்லாக் வேறு. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. 1943ல் அல்லாக்கில் திறக்கப்பட்டது டாகாவின் கிளை முகாம், பிஎம்டபிள்யூ எஞ்சின் வேலைக்காக. டாகாவின் கிளை முகாம்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பீங்கான் பட்டறையின் பெயர் அதற்கு முந்தியது, ஊர்ப் பெயரை வைத்து வந்தது. அங்கே வேலை செய்த கைதிகள் எண்ணிக்கையில் குறைவு. எஞ்சின் தொழிற்சாலையோடு ஒப்பிட்டால் சொற்பம்தான்.

ஆனால் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. எஞ்சின் போருக்கு வேண்டும், அதன் கொடூரக் கணக்கு நமக்கு விளங்குகிறது. மான்குட்டி யாருக்கு வேண்டும்? வியாபாரத்துக்கு என்று மட்டும் சொல்ல முடியாது. ஹிம்லர் இவற்றைத் தன் அதிகாரிகளுக்குப் பிறந்தநாள், திருமணம், குழந்தைப் பேறு என்று பரிசாக அனுப்பினான். குளிர்கால விழாவுக்கென்று யூல் விளக்கு என்ற ஒரு மண் விளக்கு எஸ்.எஸ். குடும்பங்களுக்குப் போகும். அந்த விளக்கை நொயன்காமெ வதைமுகாமிலும் கைதிகளை வைத்துச் செய்தார்கள். வீட்டில் மேசை மேல் மான்குட்டி, சுவரோரம் விளக்கு, அம்மா அப்பா குழந்தைகள். இப்படி ஒரு 'நல்ல குடும்பம்' தங்களுடையது என்று அவர்கள் தங்களுக்கே காட்டிக்கொள்ள இந்தப் பொம்மைகள் உதவின. என்னை உறுத்துவது அந்த இடம்தான். ராணுவ வீரன், கொடி பிடிப்பவன், வாள் வீரன் என்று வெளிப்படையான பிரச்சாரச் சிலைகளும் அங்கே செய்தார்கள். அவற்றைப் பார்த்தால் நாம் உஷாராகிவிடுவோம். நாய்க்குட்டியைப் பார்த்தால் "இட்லி" என்று பெயர் வைக்கிறோம்.

கொக்குவிலான் | திங்கள், பகல் 12.40

தம்பி, நான் 1985ல் ஜெர்மனிக்கு வந்தவன். தொண்ணூறுகளில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே ஒரு அம்மாவின் அறையில் யன்னலோரம் இப்படி வெள்ளை மிருகங்கள் வரிசையாக நிற்கும். ஒரு கரடி, இரண்டு முயல், படுத்த மான் ஒன்று. கிழமைக்கு ஒருமுறை தூசி தட்டுவது என் வேலை. அவ பக்கத்தில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பா. ஒருநாள் முயலைத் தூக்கி அடியைப் பார்க்கப் போனேன். "அதைத் திருப்பாதே" என்று சொன்னா. கோபமாக இல்லை, மெதுவாகத்தான். நானும் திருப்பவில்லை.

அது அல்லாக்கோ வேறெதுவோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உன் நாயின் அடியைத் தேய்த்தது யார் என்று கேட்டால், எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வருகுது.

பழைய_இரும்பு | திங்கள், மதியம் 2.25

ஐயா சொன்னதை வியாபாரக் கண்ணோடு யோசித்துப் பார்த்தேன். பொருந்துகிறது.

இன்றைய சந்தையில் முத்திரை உள்ள அல்லாக் விலங்கு நூற்றுக்கணக்கான யூரோவுக்குப் போகும், அரிதானது ஆயிரங்களுக்கும் போகும். விலை நாய்க்கு இல்லை, அந்த மின்னல் எழுத்துக்குத்தான். இது எனக்கு எப்போதுமே குமட்டும் விஷயம். அதே சிற்பி, அதே தரம், வேறு முத்திரை என்றால் விலை சரிந்துவிடும். ஆக, முத்திரையைத் தேய்ப்பவன் பணத்தைத் தேய்க்கிறான். இன்றைய வியாபாரி எவனும் அதைச் செய்யமாட்டான். சொல்லப்போனால் இல்லாத முத்திரையைப் போட்டு விற்பவர்கள்தான் ஏராளம்.

அப்படியானால் தேய்த்தவர் முத்திரைக்கு விலை இல்லாத காலத்து ஆள். 1945க்குப் பிறகு பவேரியா அமெரிக்கர் கையில். வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் கொடுத்து, கட்சியில் இருந்தாயா, எஸ்.எஸ்.ஸில் இருந்தாயா என்று கேட்ட காலம். ஷோகேஸில் இப்படி ஒன்று இருந்தால் பயம் வரத்தானே செய்யும்? தூக்கிப் போட மனசில்லை, அடியைத் தேய்த்துவிட்டார்கள்.

சரிபார்க்க ஒரு வழி: தேய்த்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புதிதாகத் தேய்த்தது என்றால் வெள்ளையாக இருக்கும். பழசு என்றால் அழுக்கு ஏறிச் சாம்பல் பூத்திருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. புற ஊதா விளக்கு கிடைத்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள், பின்னால் ஒட்டிய, பூசிய இடங்கள் வேறு நிறத்தில் தெரியும்.

சூளைக்காரி | திங்கள், மாலை 4.10

அவசரப்பட வேண்டாம். முத்திரையை வெட்டுவதற்கு எங்கள் தொழிலிலேயே ஒரு காரணம் உண்டு. மைசெனில் குறையுள்ள பொருளை இரண்டாம் தரமாக விற்கும்போது குறுக்கு வாள் முத்திரையின் மேல் கோடு வெட்டிவிடுவார்கள். ஒன்றிரண்டு கோடு என்றால் சின்னக் குறை, கூடக்கூடப் பெரிய குறை. இப்படி முழுசாகத் தேய்த்து எடுப்பது வழக்கமில்லைதான். ஆனால் தேய்த்ததெல்லாம் வெட்கத்தால் தேய்த்தது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. பொம்மையில் ஏதாவது குறை கண்ணில் படுகிறதா?

ம்யூனிக்வாசி | திங்கள், இரவு 8.55

அலுவலகத்தில் இன்று வேலையே ஓடவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: தேய்த்த இடம் சாம்பல் நிறம்தான். பல் துலக்கும் பிரஷ், பேக்கிங் சோடா எல்லாம் போட்டும் போகவில்லை. குறை என்று பார்த்தால் இடது காதின் பின்பக்கம் மிளகில் பாதி அளவு ஒரு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அக்கா, அந்தப் புள்ளிக்காக இரண்டாம் தரம் ஆகியிருக்குமா?

மகளிடம் இட்லியைக் கொஞ்ச நாள் பீரோ மேல் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "காய்ச்சலா?" என்று கேட்டாள்.

வாத்தியார் | திங்கள், இரவு 10.20

முத்திரை இல்லாதபோது கெர்னரின் பெயரை மட்டும் வைத்து அல்லாக் என்று சொல்லிவிட முடியாது. மனிதர் 1884ல் பிறந்து 1966 வரை இருந்தவர். முதலில் ம்யூனிக்கின் நிம்ஃபென்பர்க் அரண்மனைப் பட்டறை. பிறகு ரோசன்தால் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் விலங்குகள் செய்தார். பிறகுதான் அல்லாக். போருக்குப் பின் வடக்கு பவேரியாவில் எஷென்பாக் தொழிற்சாலைக்குச் செய்தார், அல்லாக் காலத்து உருவங்கள் சில அங்கே வேறு முத்திரையோடு மறுபடி வெளிவந்தன. அதே டாஷ்ஹண்ட் கூலி வாங்கும் தொழிலாளி கையிலிருந்தும் வந்திருக்கலாம் என்றாகிறது.

ரோசன்தால் கதையையும் சொல்லியாக வேண்டும். ஃபிலிப் ரோசன்தால் யூத வம்சத்தில் பிறந்து கத்தோலிக்கராக மாறியவர். 1879ல் செல்ப் ஊர்ப் பக்கம் ஒரு கோட்டை வீட்டில், வாங்கிய வெள்ளைப் பாத்திரங்களுக்கு வண்ணம் தீட்டும் தொழிலாகத்தான் ஆரம்பித்தார். உலகப் பெயர் வாங்கியது. நாஜிகள் வந்ததும் 1934ல் அவரையே அவர் நிறுவனத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1937ல் இறந்துபோனார். ஆனால் பெயரை மட்டும் மாற்றவில்லை, வெளிநாட்டில் விற்பனையாகும் பெயர் ஆயிற்றே. ஆளைத் துரத்திவிட்டு அவர் பெயரில் தட்டு விற்றார்கள். போருக்குப் பிறகு மகன் திரும்பி வந்து 1950ல் நிறுவனத்தில் சேர்ந்தார். பிற்பாடு அவர்தான் அதை நவீன வடிவமைப்புக்குப் பேர் போன நிறுவனமாக ஆக்கினார்.

கெர்னரைப் பாருங்கள்: யூத வம்சத்து முதலாளியிடம் வேலை பார்த்த அதே கை, அடுத்து ஹிம்லரின் பட்டறைக்குப் போகிறது. நாய் மாறவில்லை. முகம், காது, கழுத்துச் சுருக்கம் எல்லாம் அதே பாணி. அதனால்தான் மேலே இருந்து பார்த்து எதுவும் சொல்ல முடிவதில்லை, எல்லாரும் கவிழ்த்துப் பார்க்கிறோம்.

ராத்திரி_ஷிப்ட் | திங்கள், இரவு 11.48

இப்போது எனக்கே தூக்கம் போய்விட்டது. அந்தக் கைதிகளில் யாராவது பிழைத்து வந்து பேசியிருக்கிறார்களா? பெயர் தெரிந்த ஒருவராவது?

வாத்தியார் | செவ்வாய், காலை 6.15

ஹன்ஸ் லாண்டவர். ஆஸ்திரியக்காரர், 1921ல் பிறந்தவர். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவுக்கு எதிராகப் பன்னாட்டுப் படையில் சேர்ந்து சண்டை போட்டவர். தோற்ற பிறகு பிரான்சில் அடைபட்டு, 1941ல் டாகாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே பீங்கான் பட்டறையில் வேலை. 29 ஏப்ரல் 1945ல் அமெரிக்கப் படை முகாமை விடுவித்தபோது உயிரோடு இருந்தார். பிறகு வியன்னாவில் காவல் துறையில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் ஸ்பெயினில் போரிட்ட ஆஸ்திரியர்களின் விவரங்களைத் திரட்டுவதிலேயே காலம் கழித்தார். 2014ல் இறந்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், கேட்கச் சங்கடமாக இருக்கும். கல் உடைப்பதோடும் சதுப்பு நிலத்தில் மண் வெட்டுவதோடும் ஒப்பிட்டால் இந்தப் பட்டறை நல்ல இடம். தலைக்கு மேல் கூரை, சூளையின் சூடு. 1933 முதல் 1945 வரை டாகாவிலும் அதன் கிளைகளிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள், 41,000க்கும் மேல் செத்தார்கள். அந்த இடத்தில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு நாய்க்குட்டியின் காதை ஒட்டும் வேலை கிடைப்பது உயிர் கிடைப்பது மாதிரி.

சூளைக்காரி | செவ்வாய், காலை 7.05

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். காதைச் சரியாக ஒட்டினால் நாளைக்கும் இங்கேயே வேலை. விரிசல் விட்டால்? காதின் பின்பக்கப் பழுப்புப் புள்ளி பற்றிக் கேட்டீர்களே. அது இரும்புத் துகள். கரைசலைச் சரியாக வடிகட்டாவிட்டால் வரும், எல்லாப் பட்டறையிலும் வரும், என் பட்டறையில் போன வாரம்கூட வந்தது. நான் அந்தக் கிண்ணத்தைத் தள்ளுபடியில் விற்றுவிட்டேன்.

பழைய_இரும்பு | செவ்வாய், காலை 10.30

இந்த இழையைப் படிப்பவர்கள் பழைய ஜெர்மன் பீங்கான் எல்லாமே எஸ்.எஸ். என்று நினைத்துவிடக்கூடாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: பொருள் சுத்தம், கைமாறிய விதம் அசுத்தம்.

டிரெஸ்டனில் குஸ்டாவ் ஃபான் கிளெம்பெரர் என்ற யூத வங்கியாளர் 800க்கும் மேற்பட்ட மைசென் பொருட்கள் சேர்த்திருந்தார். 1938ல் குடும்பம் நாட்டை விட்டு ஓட, சேகரிப்பு பறிமுதல். போர்க் கடைசியில் பெட்டி பெட்டியாக லாரியில் ஏற்றி வைத்திருந்தார்கள். 1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் மேல் குண்டு மழை, லாரி அரண்மனை முற்றத்திலேயே மாட்டிக்கொண்டது. மிஞ்சியது சொற்பம், மற்றதெல்லாம் ஓடு. 1991ல் எஞ்சியதைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் அதில் பெரும்பகுதியை டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்கே நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள்! பிறகு கிடைத்த உடைசல்கள் 2010ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. தலை இல்லாத பொம்மை, கருகிய கிண்ணம் எல்லாம் ஆள் போட்டியோடு போயின.

அடுத்தது மார்கரேதே, ஃபிரான்ஸ் ஓப்பன்ஹைமர் என்ற தம்பதி. அவர்கள் சேர்த்த மைசென் கைமாறி ஹிட்லருக்கென்று வாங்கப்பட்டது, போருக்குப் பிறகு மீட்கப்பட்டு நெதர்லாந்து அருங்காட்சியகங்களுக்கு வந்தது. வாரிசுகளுக்குத் திரும்பியது 2021ல்தான். அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் ஏலம், சுமார் 1.5 கோடி டாலர். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் பணம் கொடுத்துப் பாதிக்கு மேல் மறுபடி வாங்கிக்கொண்டது. இது எனக்குப் பிடித்தது. முதலில் கொடு, அப்புறம் கேட்டு வாங்கு.

அல்லாக் நாயை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. செய்தவருக்குச் சம்பளம்கூடக் கிடையாது.

ம்யூனிக்வாசி | சனி, இரவு 9.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். இன்று டாகாவ் போய்விட்டு வந்தேன். தனியாகத்தான் போனேன், நாயை எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போய் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ரயில் நிலையத்திலிருந்து பேருந்து. வாசல் இரும்புக் கதவில் 'வேலை விடுதலை தரும்' என்ற அந்த வாசகம். உள்ளே பெரிய மைதானம், சரளைக்கல். நடக்கும்போது காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. கைதிகள் தங்கிய பாராக்குகள் இடிக்கப்பட்டுவிட்டன, இரண்டை மட்டும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மற்றவை இருந்த இடத்தில் நீளமான அடித்தளச் சட்டங்கள், நடுவில் பாப்ளர் மரங்கள்.

பட்டறை இருந்தது கைதிகள் முகாமுக்கு வெளியே, எஸ்.எஸ். வளாகத்துப் பக்கம். அந்த வளாகத்தின் பெரும்பகுதியில் இப்போது பவேரிய மாநிலக் காவல் படை இருக்கிறது, போக முடியாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சில கூரைகள், ஒரு கொடிக்கம்பம். எது சூளைக்கூடம் இருந்த திசை என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

இரவு புற ஊதா விளக்கு அடித்துப் பார்த்தேன், நண்பரிடம் இரவல். ஒட்டுப்போட்ட இடம் எதுவும் இல்லை. ஒரே சீராக இருக்கிறது. இரண்டு காதும் மூலக் காதுதான்.

கொக்குவிலான் | சனி, இரவு 10.02

ஓம் தம்பி, போனது நல்லது. நாயை என்ன செய்யப் போகிறாய் என்று ஒருவரும் அவசரப்படுத்த வேண்டாம். பிள்ளைக்கு இப்போது சொல்லாதே, ஆறு வயசு. ஆனால் கேட்கும் வயசு வரும்போது பொய் சொல்லாதே. நான் அந்த அம்மாவின் முயலைத் திருப்பியிருக்கலாமோ என்று இன்றைக்கும் சில வேளை யோசிப்பேன்.

ராத்திரி_ஷிப்ட் | சனி, இரவு 11.30

நான் முதலில் எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை. என் கருத்து: வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடியைப் படமெடுத்து, எங்கே எப்போது வாங்கினீர்கள், வாத்தியார் என்ன சொன்னார், அக்கா என்ன சொன்னார் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அந்தப் படத்தோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு உங்களுக்குப் பிறகு இன்னொரு சந்தையில் இன்னொரு டேப்போடு உட்காரக்கூடாது.

பூனைக்கண் | ஞாயிறு, அதிகாலை 1.12

அண்ணா, 200 யூரோ தருகிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள். இதே மாதிரி முத்திரை இருக்கிற கரடி யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள், நல்ல விலை.

நெறியாளர் | ஞாயிறு, காலை 8.00

இந்தப் பகுதியில் விற்பனை, விலை பேசுதல் கூடாது. மேலே உள்ள பதிவருக்கு எச்சரிக்கை. இழையைத் திறந்தே வைக்கிறேன்.

ம்யூனிக்வாசி | ஞாயிறு, காலை 10.40

விற்பனைக்கு இல்லை.

ராத்திரி_ஷிப்ட், உங்கள் யோசனைப்படி தாள் எழுத உட்கார்ந்தேன். சந்தையின் பெயர், தேதி, 35 யூரோ, டேப், சாம்பல் நிறத் தழும்பு, காதுப் புள்ளி எல்லாம் எழுதினேன். "செய்தவர்" என்ற இடத்தில் கெர்னர் என்று எழுதிவிட்டு, அக்கா சொன்னது ஞாபகம் வந்து அதன் முன்னால் "மூல உருவம்" என்று சேர்த்தேன். அடுத்த வரியில் "ஒட்டிச் சீவியவர்" என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருக்கிறேன்.

மகள் எட்டிப் பார்த்து, அந்த இடத்தில் யார் பெயர் வரும் என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். "அப்போ நான் கேட்டு எழுதட்டுமா?" என்று பென்சிலை எடுத்துக்கொண்டு பீரோவுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறாள்.